வீட்டுக் கணினிக்கு வைரஸ் காவல்: இலவச மென்பொருளைத் தேர்ந்தெடுத்து அமைக்கும் முறை

கிராமங்களில் கணினி இப்போது அரிய பொருள் அன்று. மாநில அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழியாக மாணவர்களின் கைக்கு வந்த மடிக்கணினிகள் பல குடும்பங்களில் உள்ளன. சொந்தமாக வாங்கியவர்களும் உண்டு. பட்டா, சிட்டா நகல்களை எடுப்பது, பாங்குக் கணக்கைப் பார்ப்பது, பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சேமித்து வைப்பது, விண்ணப்பங்களை அனுப்புவது ஆகிய காரியங்கள் அதிலேயே நடைபெறுகின்றன.

முன்பு இத்தகைய பத்திரங்களை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்தினோம். இன்று அவை கணினிக்குள் இருக்கின்றன. பெட்டியைப் பூட்ட மறவாத நாம், கணினிக்குக் காவல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. காவலுக்கு ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும் என்று எண்ணிச் சிலர் வாளாவிருந்துவிடுகின்றனர். வேறு சிலர், இலவசம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கணினியில் ஏற்றிவிடுகின்றனர். இவ்விரண்டும் தவறு. செலவின்றியே நல்ல காவல் அமைக்கலாம். ஆனால் அதை அறிந்து தேர்ந்தெடுக்கவேண்டும், சரியாக அமைக்கவேண்டும், அது விழித்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவேண்டும். அதற்கான வழிகளை இக்கட்டுரையில் காண்போம்.

வைரஸ் என்பது யாது?

கணினி வைரஸ் என்பது நோய்க்கிருமியும் அன்று, இயந்திரக் கோளாறும் அன்று. அது மனிதர் எழுதிய ஒரு நிரல். சொந்தக்காரருக்குத் தெரியாமல் கணினிக்குள் நுழைந்து, தன்னைத்தானே நகல் எடுத்துக்கொண்டு பரவும் தன்மையால் அதற்கு இப்பெயர் வந்தது. ஐ.பி.எம். வகைச் சொந்தக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் எனப்படும் 'பிரெயின்', 1986-ஆம் ஆண்டில் லாகூரிலிருந்து பிளாப்பித் தட்டுகள் வழியாகப் பரவியது. இன்று பிளாப்பியின் இடத்தில் பென் டிரைவும், மின்னஞ்சலும், இணையமும் உள்ளன.

தீய நிரல்கள் அனைத்தையும் நாம் பொதுவாக வைரஸ் என்றே சொல்லுகிறோம். அவற்றில் மூன்று வகைகளை அறிந்திருப்பது நலம். நல்ல மென்பொருளைப் போல வேடமிட்டு வருவது 'டிரோஜன்'. நாம் தட்டும் கடவுச்சொற்களையும், பார்க்கும் பக்கங்களையும் வேவு பார்த்துப் பிறருக்கு அனுப்புவது 'ஸ்பைவேர்'. கோப்புகளையெல்லாம் திறக்க முடியாதபடி மாற்றிவிட்டு, திரும்பத் தரப் பணம் கேட்பது 'ரான்சம்வேர்'. இம்மூன்றாவது வகையே இக்காலத்தில் மிகுந்த நஷ்டம் விளைவிப்பது.

2017-ஆம் ஆண்டு தந்த பாடம்

2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் 'வானாக்ரை' என்னும் ரான்சம்வேர் உலகெங்கும் பரவியது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் முடங்கின. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளின் வேலை தடைப்பட்டது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில், வயநாடு மாவட்டத்துத் தரியோடு, பத்தனம்திட்டா மாவட்டத்து அருவாப்புலம் ஆகிய இரு கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்களின் கணினிகளும் இதற்கு இலக்காயின. கோப்புகளைத் திரும்பப் பெறவேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் செலுத்தவேண்டும் என்ற அறிவிப்புத் திரையில் தோன்றியது.

இங்கே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாளே இலவசமாக வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம் இருந்தது. அத்திருத்தத்தை ஏற்றிக்கொண்ட கணினிகளுக்குள் அது அவ்வழியே நுழைய இயலவில்லை, ஏற்றாதவை அகப்பட்டுக்கொண்டன. ஆகவே விண்டோஸின் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றிக்கொள்வதே முதற்காவல் என்றும், தடுப்பு மென்பொருள் அதற்கு அடுத்த காவல் என்றும் கொள்ளவேண்டும். சிறிய கிராம அலுவலகத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்று எண்ணுவதும் சரியன்று. வைரஸ் ஆளைத் தேடி வருவதில்லை. திறந்திருக்கும் கதவைத் தேடி வருகிறது.

தடுப்பு மென்பொருள் செய்யும் வேலை

தடுப்பு மென்பொருள் இரண்டு விதமாகத் தீய நிரலைக் கண்டுபிடிக்கிறது. முதலாவது, அடையாளம் பார்ப்பது. முன்பே அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளங்கள் அடங்கிய பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கும். புதிதாக வரும் ஒவ்வொரு கோப்பையும் அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டாவது, நடத்தையைக் கவனிப்பது. பட்டியலில் இல்லாத நிரலாயினும், அது திடீரென நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றத் தொடங்கினால் சந்தேகித்துத் தடுக்கும்.

நாள்தோறும் புதிய வைரஸ்கள் தோன்றுவதால் பட்டியலும் நாள்தோறும் புதுப்பிக்கப்படவேண்டும். ஆறு மாதம் இணையத்தோடு இணைக்கப்படாத கணினியில் உள்ள தடுப்பு மென்பொருள், ஆறு மாதத்துக்கு முந்திய திருடர்களை மட்டுமே அறிந்த காவற்காரனுக்குச் சமம்.

இலவசம் என்பதன் பொருள்

தடுப்பு மென்பொருள் ஆக்குவதற்குப் பெருஞ்செலவு உண்டு. அப்படியிருக்க ஒரு நிறுவனம் ஏன் அதை இலவசமாகத் தருகிறது? இக்கேள்வியைக் கேட்டுப் பார்ப்பவர் ஏமாறமாட்டார்.

சில, விண்டோஸோடு சேர்ந்தே வருபவை. விண்டோஸின் விலையிலேயே இவை அடங்கிவிட்டன. இன்னும் சில, விலை கொடுத்து வாங்கும் பதிப்புக்கு விளம்பரமாகத் தரப்படுபவை. இவை வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் பணம் கட்டும்படி அடிக்கடி அறிவிப்புக் காட்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகையில் எச்சரிக்கை தேவை. உபயோகிப்பவர் பார்க்கும் இணையப் பக்கங்களைப் பற்றிய விவரங்களைச் சேகரித்து விற்கும் வழக்கமும் இருந்திருக்கிறது. புகழ்பெற்ற அவாஸ்ட் நிறுவனத்தின் துணை நிறுவனமாகிய ஜம்ப்ஷாட் இவ்வாறு விவரங்களை விற்றது 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று. அத்துணை நிறுவனம் அம்மாதமே மூடப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதற்காக அவாஸ்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் செலுத்தும்படி செய்ததோடு, அத்தகைய விவரங்களை விளம்பரத்துக்காக விற்கவும் தடை விதித்தது. ஆகையால் எதை நிறுவினாலும், விவரங்களைப் பகிர்வது பற்றிய கேள்வி வரும்போது படித்துப் பார்த்து, வேண்டாதவற்றை மறுத்துவிடவேண்டும்.

நான்காவது வகை முற்றிலும் போலி. இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இதை அழுத்துங்கள்" என்றோ, "இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்றோ ஒரு பலகை தோன்றும். அதை நம்பி அழுத்தினால் மருந்தின் பெயரால் நஞ்சே உள்ளே வரும். இணையப் பக்கம் எதுவும் நம் கணினியைத் தானாகச் சோதித்து வைரஸ் உண்டென்று சொல்ல இயலாது என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் 'மைக்ரோசாப்ட் டிஃபெண்டர்' என்னும் தடுப்பு மென்பொருள் முன்பே அமைந்துள்ளது. அதைப் பதிவிறக்கம் செய்யவேண்டியதில்லை, பணமும் கட்டவேண்டியதில்லை. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு இதுவே போதுமானது. பலர் தேடி அலையும் பொருள் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது.

வேறொன்று வேண்டுமென விரும்புவோர்க்கு ருமேனியா நாட்டு பிட்டிஃபெண்டரின் இலவசப் பதிப்பும், அவாஸ்ட், ஏ.வி.ஜி., அவிரா ஆகியவற்றின் இலவசப் பதிப்புகளும் உள்ளன. கடைசி மூன்றும் பெயரில் வேறானாலும் இன்று ஒரே நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்தவை. தேர்ந்தெடுக்கும்போது நான்கு விஷயங்களைப் பார்க்கவேண்டும்.

1. நடுநிலைச் சோதனையில் அதன் தகுதி என்ன? ஜெர்மனியின் மாக்டபர்க் நகரிலுள்ள ஏ.வி. டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிலுள்ள ஏ.வி. கம்பேரட்டிவ்ஸ் ஆகிய சோதனை நிலையங்கள் தங்கள் முடிவுகளை இணையத்தில் வெளியிடுகின்றன. ஏ.வி. டெஸ்ட் பாதுகாப்பு, கணினியின் வேகம், உபயோகிக்கும் வசதி ஆகிய மூன்றுக்கும் தலா 6 புள்ளிகளாக 18 புள்ளிகள் வழங்குகிறது.

2. எப்போதும் விழித்திருந்து காக்கிறதா? சில இலவச மென்பொருள்கள் நாம் கேட்கும்போது மட்டும் சோதிப்பவை. அவை சுத்தம் செய்ய உதவும், காவலாகா.

3. பழைய கணினியை மிகவும் தாமதப்படுத்துகிறதா? நினைவகம் குறைந்த கணினியில் கனமான மென்பொருளை ஏற்றினால், வீட்டார் அலுத்து அதை நிறுத்திவிடுவர். நிறுத்திய காவல் இல்லாத காவலே.

4. உரிமம் எதற்கு? பல இலவசப் பதிப்புகள் வீட்டில் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டவை. அவற்றைப் பஞ்சாயத்து அலுவலகத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ உபயோகிப்பது உரிமத்துக்கு மாறானது. டிஃபெண்டருக்கு இத்தடை இல்லை.

ஒன்றே போதும். இரண்டு தடுப்பு மென்பொருள்களை ஒரே கணினியில் விழித்திருக்கச் செய்தால் ஒன்றன் வேலையை மற்றொன்று தடுக்கும், கணினியும் தளரும். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில், விலைக்குரிய தடுப்பு மென்பொருள் ஒன்று சில மாதச் சோதனைக் காலத்துக்கு ஏற்றப்பட்டு வரும். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கியிருக்கும். காலம் முடிந்ததும் பணம் கட்டவேண்டும், அல்லது அதை முழுவதும் நீக்கிவிடவேண்டும். நீக்கினால் டிஃபெண்டர் மீண்டும் காவலுக்கு வரும். இரண்டும் செய்யாமல் விட்டுவிடுவதே ஆபத்து.

பழைய விண்டோஸ் உள்ள கணினிகள்

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடும், விண்டோஸ் 8.1-க்கானவை 2023 ஜனவரி 10-ஆம் நாளோடும் பொதுமக்களுக்கு நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் தரப்படும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

திருத்தம் நின்றுபோன விண்டோஸில் எத்தகைய தடுப்பு மென்பொருளை ஏற்றினாலும் முழுப் பாதுகாப்புக் கிடைக்காது. சுவர் இடிந்த வீட்டில் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போடுவது போன்றது அது. கணினி தாங்குமானால் விண்டோஸ் 11-க்கு மாற்றலாம். தாங்காதாயின் லினக்ஸ் வகையைச் சேர்ந்த இலவச இயங்குதளம் ஒன்றை ஏற்றலாம். இரண்டும் இயலாதாயின், அக்கணினியைப் பாங்கு வேலைக்கு உபயோகியாமல், எழுதவும் படிக்கவும் மட்டும் வைத்துக்கொள்வது உத்தமம்.

அமைக்கும் முறை

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கணினியில் கீழ்க்கண்டவற்றை வரிசையாகச் செய்யவேண்டும்.

1. முக்கியமான கோப்புகளை முதலில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்துத் தனியே கழற்றி வைக்கவும்.

2. 'செட்டிங்ஸ்' பகுதியில் 'விண்டோஸ் அப்டேட்' என்பதைத் திறந்து, நிலுவையிலுள்ள திருத்தங்கள் எல்லாவற்றையும் ஏற்றவும்.

3. காலாவதியான தடுப்பு மென்பொருள் ஏதேனும் இருந்தால் நீக்கிவிட்டுக் கணினியை ஒருமுறை நிறுத்தித் தொடங்கவும்.

4. 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறக்கவும். அதில் 'வைரஸ் அண்டு த்ரெட் புரொடெக்ஷன்' என்னும் பகுதிக்குச் செல்லவும்.

5. அங்கே 'மேனேஜ் செட்டிங்ஸ்' என்பதை அழுத்தினால் சில விசைகள் தோன்றும். 'ரியல் டைம் புரொடெக்ஷன்' என்பதே விழித்திருக்கும் காவல். அதுவும், 'கிளவுட் டெலிவர்டு புரொடெக்ஷன்', 'டாம்பர் புரொடெக்ஷன்' ஆகியவையும் 'ஆன்' நிலையில் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னது, வைரஸ் தானே காவலை நிறுத்திவிடாமல் தடுப்பது.

6. 'புரொடெக்ஷன் அப்டேட்ஸ்' பகுதியில் பட்டியலைப் புதுப்பிக்கவும். கடைசியாகப் புதுப்பித்த தேதி அங்கேயே காட்டப்படும்.

7. 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் முதல் தடவை 'ஃபுல் ஸ்கேன்' செய்யவும். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். மின்சார இணைப்போடு இரவில் விட்டுவிடலாம். அதன்பின் வாரம் ஒருமுறை 'குவிக் ஸ்கேன்' போதும்.

8. பிள்ளைகள் உபயோகிக்கத் தனியாகச் 'ஸ்டாண்டர்டு' வகைக் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுக்கவும். அக்கணக்கில் பெரியவரின் கடவுச்சொல் இல்லாமல் பெரும்பாலான மென்பொருள்களை நிறுவ முடியாது.

வேறு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவர், அதை ஆக்கிய நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கம் செய்யவேண்டும். தேடலில் முதலில் தோன்றும் விளம்பர இணைப்பை அழுத்தலாகாது. நிறுவும்போது கூடவே வேறு மென்பொருள்களையும் ஏற்ற அனுமதி கேட்கும் கட்டங்கள் வந்தால், அவற்றிலுள்ள குறியை எடுத்துவிடவேண்டும்.

காவல் விழித்திருக்கிறதா என்று அறிய எளிய சோதனை உண்டு. 'ஐகார்' சோதனைக் கோப்பு என்பது 68 எழுத்துகளே கொண்ட, தீங்கற்ற ஒரு கோப்பு. வைரஸ் என்றே பாவிக்கும்படி தடுப்பு மென்பொருள் நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட கோப்பு இது. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து இதைப் பதிவிறக்க முயன்றால் காவல் உடனே எச்சரிக்கவேண்டும். எச்சரிக்காவிட்டால் மேலே சொன்ன விசைகளை மீண்டும் பார்க்கவும்.

நாமே கதவைத் திறக்கலாகாது

காவல் எவ்வளவு நல்லதாயினும், சொந்தக்காரரே அதை நிறுத்திவிட்டுத் திருடனை உள்ளே அழைத்தால் பயனில்லை. விலைக்குரிய மென்பொருளை இலவசமாகப் பெறுவதற்காகக் 'கிராக்' எனப்படும் கள்ள நிரலை ஏற்றும்போது, "முதலில் தடுப்பு மென்பொருளை நிறுத்தவும்" என்று அதிலேயே எழுதியிருக்கும். அவ்வாறு சொல்லும் எதையும் ஏற்றலாகாது. பழுது பார்க்கக் கடையில் கொடுத்த கணினி திரும்பி வந்ததும், காவல் 'ஆன்' நிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் செருகிய பென் டிரைவ், பலருடைய வைரஸையும் சுமந்து வரக்கூடும். வீட்டுக் கணினியில் செருகியவுடன் கோப்புகளைத் திறவாமல், அதன் குறியீட்டின்மேல் வலப் பொத்தானை அழுத்தி, 'ஸ்கேன் வித் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர்' என்பதைத் தேர்ந்து சோதித்தபின் திறக்கவும். உள்ளே இருந்த கோப்புறைகளெல்லாம் அம்புக்குறியிட்ட 'ஷார்ட்கட்' ஆக மாறியிருந்தால் அது தொற்றின் அறிகுறி, அவற்றை அழுத்தலாகாது.

கோப்பின் பெயரைக் கடைசி எழுத்துவரை பார்க்கவேண்டும். 'பிடிஎஃப்' என்று முடிவதுபோல் தோன்றி, அதன்பின் 'இஎக்ஸ்இ' என்று மறைந்திருப்பது பத்திரம் அன்று, நிரல். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதிக்குச் சென்று 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் முழுப் பெயரும் தெரியும். செல்போனில் வாட்ஸ்அப் வழியாகத் திருமண அழைப்பிதழ் என்றும், அரசுத் திட்ட உதவி என்றும் வரும் 'ஏபிகே' கோப்புகளும் இத்தகையனவே.

தொற்று நேர்ந்துவிட்டால்

முதலில் இணைய இணைப்பைத் துண்டிக்கவும். வெளி டிஸ்க், பென் டிரைவ் எவையேனும் செருகியிருந்தால் கழற்றவும். பிறகு 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கணினி நின்று தொடங்கி, விண்டோஸ் விழிக்கும் முன்னரே சோதிக்கப்படும். இதற்குச் சுமார் 15 நிமிடம் ஆகும். பாங்கு, மின்னஞ்சல் ஆகியவற்றின் கடவுச்சொற்களை வேறொரு நல்ல சாதனத்திலிருந்து மாற்றிவிடவேண்டும்.

மத்திய அரசு 2017 பிப்ரவரி 21-ஆம் நாள் தொடங்கிய 'சைபர் ஸ்வச்தா கேந்திரா' என்னும் மையம், தொற்றை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்கி வருகிறது. இக்கருவிகள் சுத்தம் செய்பவையே. நிலையான காவலுக்கு மாற்றாகா.

ரான்சம்வேர் பணம் கேட்டால் கொடுக்கலாகாது. கொடுத்தாலும் கோப்புகள் திரும்பும் என்ற உறுதி இல்லை. முன்பே எடுத்து வைத்த நகல் ஒன்றே அங்கு நமக்குத் துணை. கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் செய்து, பாங்குக்கும் தெரிவிக்கவேண்டும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு

2020 ஏப்ரல் 24-ஆம் நாள் தொடங்கப்பட்ட 'இ-கிராம் ஸ்வராஜ்' தளத்தின் வழியாகப் பஞ்சாயத்துத் திட்டங்களும் கணக்குகளும் இணையத்தில் பதியப்படுகின்றன. ஆகவே அலுவலகக் கணினிக்கு நேரும் தீங்கு ஊர்ப் பணத்துக்கு நேரும் தீங்கு. அக்கணினியில் சினிமா பார்ப்பதும், எவருடைய பென் டிரைவையும் செருகுவதும் நிறுத்தப்படவேண்டும். டிஜிட்டல் கையொப்பக் கருவியை வேலை முடிந்தவுடன் கழற்றிப் பூட்டி வைக்கவேண்டும். வாரம் ஒருமுறை கோப்புகளை நகல் எடுத்து, எடுத்த தேதியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிப்பது நல்ல வழக்கம்.

ஊரில் கணினி கற்ற இளைஞர்கள் இருக்கின்றனர். அவர்களைக் கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்புற நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ எல்லாருடைய மடிக்கணினிகளையும் வரவழைத்து, மேற்சொன்ன எட்டுக் காரியங்களையும் செய்து கொடுக்கலாம். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. ஆர்வமும் ஒரு நாள் உழைப்பும் போதும். ஒரு வீட்டுக் கணினி சுத்தமாவதால், அதிலிருந்து பென் டிரைவ் வாங்கிச் செல்லும் பத்து வீடுகளும் பயன் பெறும்.

படிப்பு வட்டங்களில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. உங்கள் வீட்டுக் கணினியில் இயங்குவது விண்டோஸின் எந்தப் பதிப்பு? அதற்குத் திருத்தங்கள் இன்னும் வருகின்றனவா?

2. தடுப்பு மென்பொருளின் பட்டியல் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதி எது?

3. இரண்டு தடுப்பு மென்பொருள்களை ஒரே கணினியில் ஏன் வைக்கலாகாது?

4. இன்றிரவு உங்கள் கணினி முடங்கிவிட்டால், திரும்பப் பெற முடியாத கோப்புகள் யாவை? அவற்றின் நகல் எங்கே இருக்கிறது?

நான்காவது வினாவுக்கு விடை சொல்ல இயலாதவர், இக்கட்டுரையை மடித்து வைத்துவிட்டு முதலில் அந்நகலை எடுப்பாராக.